கொண்டியில் நின்ற நாண்

ஒரு வில்லை எடுத்து, நாணைக் காதருகே வரும்வரை இழுத்து, அப்படியே அசையாமல் நின்று பாருங்கள். எட்டு எண்ணும்வரை தோள் பொறுக்கும். பதினைந்து எண்ணுவதற்குள் முழங்கை நடுங்கத் தொடங்கும். முப்பதை எட்டுவதற்குள் அம்பின் நுனி தன் விருப்பம்போல் ஊசலாடும். பகைவனோ விலங்கோ நாம் நாணை இழுத்த அதே கணத்தில் எதிரே வந்து நிற்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆகவே வில்வீரன் எந்நாளும் இரண்டு வேலைகளை ஒரே உடம்பால் செய்ய வேண்டியவனாக இருந்தான்: வலிமையைத் தேக்கி வைப்பது ஒன்று, குறி பார்ப்பது மற்றொன்று. இந்த இரண்டையும் பிரித்துவிட முடியும் என்று எவனோ ஒருவனுக்குத் தோன்றிற்று. இழுத்த நாணைக் கையால் பிடிப்பானேன், கதவுக்குப் போடும் கொண்டியைப் போல ஒன்றைச் செய்து அதில் மாட்டிவிட்டால் என்ன என்று அவன் எண்ணினான். அந்தச் சிறிய கொண்டியின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அது சீனத்தில் தொடங்கி, அமெரிக்கக் காட்டில் ஒரு வான்கோழியின் முன்னால் வந்து நிற்கிறது.

முதலில் பெயரைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு மரத்தண்டின் முனையில் வில்லைக் குறுக்காகப் பொருத்தியிருப்பதால் ஆங்கிலத்தில் இதைக் ‘கிராஸ்போ’ என்பர். தமிழில் ‘குறுக்குவில்’ என்று எழுதுவதுண்டு. ஆனால் நம்மிடம் இதைவிட அழகான சொல் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையின் காவற் கருவிகளை வரிசைப்படுத்தும் இடத்தில் ‘வளைவிற்பொறி’ என்று ஒன்று வருகிறது. தானே வளைந்து எய்யும் யந்திர வில் என்று அதற்குப் பொருள் கூறுவர். அது கோட்டை மதிலில் நிறுத்திய பெரும் பொறி. நாம் பேசுவது தனி ஒருவன் கையில் எடுத்துச் செல்வது. ஆயினும் ‘விற்பொறி’ என்ற சொல் இதற்கு மிகவும் பொருந்துகிறது. வில்லும் உண்டு, பொறியும் உண்டு. அச்சொல்லையே இப்பேச்சில் கையாளுகிறேன்.

சீன நாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்லறைகளிலேயே இந்த விற்பொறியின் வெண்கல விசைகள் கிடைத்திருக்கின்றன. மரமும் நாணும் மட்கிப் போய்விட்டன. வெண்கலம் மட்டும் நின்றது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் வியப்படைகிறார்கள். நாணைப் பற்றும் கொண்டி, அதைத் தாங்கி நிற்கும் நடுத்துண்டு, விரலால் இழுக்கும் விசை ஆகிய மூன்று உறுப்புக்களும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. அவற்றைச் சேர்ப்பவை இரண்டு ஊசிகள். நாணில் தேங்கி நிற்கும் சுமையோ ஒரு மனிதன் தன் முழு உடம்பாலும் இழுத்த சுமை. அதை விடுவிப்பதற்கு ஒரு விரலின் மெல்லிய அசைவு போதும். பெரிய பாரத்தைச் சிறிய விசையால் விடுவிப்பது என்னும் இந்தத் தத்துவத்தைப் பிற்காலத்துத் துப்பாக்கிகளிலும் காண்கிறோம். 1974-ஆம் ஆண்டில் ஸியான் நகருக்கு அருகே கிணறு வெட்டிய உழவர்கள் கண்டெடுத்த சுடுமண் படையை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். முதற் பேரரசன் சின் ஷி ஹுவாங்கின் சமாதியைக் காக்க நிறுத்தப்பட்ட அந்த மண் வீரர்களிடையே விற்பொறிகளின் வெண்கல விசைகள் ஏராளமாகக் கிடைத்தன. பின்னர் வந்த ஹான் வமிசத்தார் இந்த விசையை ஒரு வெண்கலப் பெட்டிக்குள் அமைத்து, இன்னும் கனமான வில்லைத் தாங்கும்படி செய்தார்கள். குறி பார்ப்பதற்கு அளவுக் கோடுகள் இட்ட விசைகளும் அக்காலத்தனவாகக் கிடைத்துள்ளன.

இக்கருவி போரில் என்ன செய்யும் என்பதற்குச் சீனத்து வரலாற்றாசிரியர் ஸூமா சியென் ஒரு கதை சொல்கிறார். ஸுன் பின், பாங் சுவான் என்ற இருவர் ஒரே ஆசிரியரிடம் போர்க்கலை பயின்றவர்கள். பாங் சுவான் வெய் நாட்டுத் தளபதியானான். தன்னைவிட அறிவாளியான தோழன்மேல் பொறாமை கொண்டு, பொய்க் குற்றம் சாட்டி, அவன் கால்களை முடமாக்கிவிட்டான். ஸுன் பின் தப்பித் ட்ஸி நாட்டை அடைந்தான். குதிரை ஏற முடியாது. மூடு வண்டியில் அமர்ந்தபடியே படைக்கு யோசனை சொன்னான். கி.மு. 341-இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. ஸுன் பின் தன் படையைப் பின்வாங்கச் செய்து, ஒவ்வோர் இரவும் பாசறையில் மூட்டும் அடுப்புக்களின் எண்ணிக்கையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போனான். அடுப்புக்களை எண்ணிப் பார்த்த பாங் சுவான், பகைவர் பாதிப்பேர் ஓடிவிட்டார்கள் என்று மகிழ்ந்து, காலாட்படையை விட்டுவிட்டு விரைந்த சிறு படையோடு துரத்தினான். மாலிங் என்ற இடத்தில் வழி குறுகியது. இருபுறமும் மேடும் புதரும். ஸுன் பின் அங்கே ஒரு பெரிய மரத்தின் பட்டையைச் சீவி, ‘பாங் சுவான் இம்மரத்தடியில் மடிவான்’ என்ற கருத்தை வெள்ளை மரத்தில் எழுதச் செய்தான். பதினாயிரம் விற்பொறியாளர்களை இருமருங்கும் ஒளித்து வைத்து, இருட்டில் தீ வெளிச்சம் கண்டால் எய்யுங்கள் என்று ஆணையிட்டான். இரவில் வந்த பாங் சுவான், மரத்தில் ஏதோ எழுதியிருக்கிறதே என்று பந்தம் கொளுத்தினான். எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் பதினாயிரம் நாண்களும் ஒரே நேரத்தில் விடுபட்டன.

இந்தக் கதையில் எத்தனை பங்கு வரலாறு, எத்தனை பங்கு கதைநயம் என்று நான் வாதிட வரவில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண வில் ஏந்திய பதினாயிரம் பேர், எப்போது வரும் என்று அறியாத ஒரு தீப்பொறிக்காக நாணை இழுத்தபடி புதருக்குள் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. பொறி ஏந்தியவர்களால் முடியும். காத்திருக்கும் வேலையைக் கொண்டி பார்த்துக்கொண்டது.

கிரேக்கர்களும் இதே எண்ணத்தைத் தனி வழியில் எட்டினார்கள். அவர்கள் கருவிக்கு ‘வயிற்று வில்’ என்று பெயர். தண்டின் பின்முனையில் வளைவான ஒரு கட்டை இருக்கும். அதை வயிற்றோடு அணைத்து, முன்முனையைத் தரையில் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் கொண்டு அழுத்தினால் நாண் பின்னேறும். அலெக்ஸாந்திரியா நகரத்து ஹீரோன் இதை விவரித்திருக்கிறார். பின்னர் அது வளர்ந்து கோட்டைகளைத் தகர்க்கும் பெரும் பொறிகளாயிற்று. அது வேறு கதை.

ஐரோப்பாவில் இக்கருவி உண்மையான புகழும் பழியும் பெற்றது பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில். முதற் சிலுவைப் போருக்குச் சென்ற மேற்கத்தியரின் படை கான்ஸ்டாண்டிநோபிள் வழியாகப் போனபோது, பைஸாந்தியப் பேரரசரின் மகள் அன்னா கொம்னேனா அவர்கள் கையில் இருந்த விற்பொறியைப் பற்றிக் கேட்டறிந்து, பிற்காலத்தில் தாம் எழுதிய வரலாற்றில் குறித்து வைத்தார். கிரேக்கர் அறியாத காட்டுமிராண்டிக் கருவி என்று அதை வெறுப்போடு தொடங்கினாலும், அதை நாணேற்றும் முறையை அந்த அம்மையார் வெகு நுட்பமாக விவரிக்கிறார்: மல்லாந்தாற்போல் சாய்ந்து, இரு கால்களையும் வில்லின்மேல் ஊன்றி, இரு கைகளாலும் நாணை இழுக்கவேண்டுமாம். வெறுக்கும் பொருளையும் இத்தனை கவனமாகப் பார்த்து எழுதுவதுதான் நல்ல வரலாற்றாசிரியருக்கு அழகு.

வெறுப்புக்குக் காரணம் இருந்தது. ஒரு நல்ல வில்லாளியை உருவாக்கச் சிறு வயது முதல் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். குதிரைமேல் கவசம் பூண்டு போரிடும் வீரனை உருவாக்கவோ பயிற்சியோடு பெருஞ் செல்வமும் வேண்டும். விற்பொறியைக் கையாள ஓர் இளைஞனுக்குச் சில வாரங்கள் போதும். நேற்றுவரை ரொட்டி சுட்டவன் இன்று மதில்மேல் நின்று ஒரு பிரபுவை வீழ்த்திவிடலாம். பிறப்பும் செல்வமும் பயிற்சியும் தந்த பாதுகாப்பை ஓர் இரும்புக் கொண்டி இல்லாமற் செய்துவிட்டது. 1139-ஆம் ஆண்டு ரோமாபுரியில் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம், கிறிஸ்தவர் மேலும் கத்தோலிக்கர் மேலும் இந்தக் கொலைக் கலையைப் பயன்படுத்தலாகாது என்று தடை விதித்தது. அந்தத் தடை வில்லையும் சேர்த்தே சொல்லிற்று. ஆனால் மக்கள் நினைவில் நின்றது விற்பொறிக்கு இட்ட தடையாகவே. அரசர்கள் அதைக் கேட்டார்களா? கேட்கவில்லை. தடையை ஒப்புக்கொண்டு தலையசைத்துவிட்டு, அயல்நாட்டு விற்பொறியாளரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டே இருந்தார்கள். 1215-இல் இங்கிலாந்து மன்னன் ஜான் முத்திரையிட நேர்ந்த மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனத்தில், அயல்நாட்டு விற்பொறியாளரை நாட்டை விட்டு அனுப்பவேண்டும் என்று ஒரு பிரிவே இருக்கிறது. உரிமைச் சாசனத்தைப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் இந்தப் பிரிவை எளிதில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஜானுக்கு முன் ஆண்ட அவன் தமையன், சிங்க நெஞ்சன் என்று புகழப்பட்ட முதலாம் ரிச்சர்டு, விற்பொறியை மிகவும் விரும்பியவன். தன் போர்களில் அதை ஓயாது பயன்படுத்தியவன். 1199 மார்ச் 26-ஆம் நாள் மாலை, பிரான்சில் ஷாலூ என்னும் சிறு கோட்டையை முற்றுகையிட்டிருந்த அவன், முழுக் கவசம் அணியாமல் மதிலருகே உலாவச் சென்றான். மேலிருந்து பாய்ந்த குறுங்கணை ஒன்று தோளில் தைத்தது. காயம் புரையோடி, ஏப்ரல் 6-ஆம் நாள் இறந்தான். எய்தவனின் பெயரைக்கூட அக்காலத்தார் ஒருமுகமாகச் சொல்லவில்லை. ஒருவர் ஒரு பெயர் சொல்கிறார், இன்னொருவர் வேறு பெயர் சொல்கிறார். சாகும் தறுவாயில் மன்னன் அவனை அழைத்து மன்னித்தான் என்று ஒரு கதை வழங்குகிறது. மன்னனுடைய பெயரை உலகம் அறியும். கொண்டியைத் தட்டிய விரலுக்குப் பெயர் நிலைக்கவில்லை. பிரபுக்கள் அஞ்சியது இதைத்தான் போலும்.

விற்பொறிக்கு ஒரு குறை உண்டு, அது மெதுவானது. தேர்ந்த ஆங்கில நெடுவில் வீரன் ஒரு நிமிஷத்தில் பத்து அம்புகளுக்குக் குறையாமல் விடுவான். பொறிக்காரன் இரண்டு விடுவதே பெரிது. 1346-இல் கிரேஸி போர்க்களத்தில் பிரெஞ்சு மன்னனின் ஜினோவா நாட்டு விற்பொறியாளர்கள், தங்களை மறைத்துக்கொள்ளும் பெரிய கேடயங்கள் பின்னால் சாமான் வண்டிகளில் தங்கிவிட, வெட்டவெளியில் நாணேற்றிக்கொண்டு நின்று ஆங்கிலேயரின் அம்பு மழையில் அழிந்தார்கள். பின்வாங்கியவர்களைத் துரோகிகள் என்று சொல்லிப் பிரெஞ்சுக் குதிரை வீரர்களே மிதித்துக்கொண்டு போனார்கள்.

இதற்குப் பின் வில்லை எஃகினால் செய்யத் தொடங்கினார்கள். அதன் வலி ஆயிரம் ராத்தலையும் தாண்டிற்று. மனிதக் கையால் இழுக்க முடியாது. கப்பியும் கயிறும், பற்சக்கரமும் கொண்டு முறுக்கி ஏற்றினார்கள். இங்கே பௌதிகம் படிக்கும் மாணவர்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். சர் ரால்ஃப் பெய்ன்-கால்வே என்ற ஆங்கிலேயர், 1903-இல் விற்பொறியைப் பற்றி விரிவான நூல் வெளியிட்டவர், 1,200 ராத்தல் வலியுள்ள பழைய எஃகு விற்பொறி ஒன்றைச் செப்பனிட்டு வேல்ஸ் நாட்டு மெனாய் நீர்ச்சந்தியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு எய்து காட்டினார். அம்பு 450 கெஜத்துக்கு மேல் பறந்தது. அது பெருஞ்சாதனைதான். ஆனால் இக்காலத்து வேட்டை விற்பொறியின் வலி 200 ராத்தல் அளவே. வேகத்தில் அது பழைய எஃகு வில்லை மிஞ்சிவிடுகிறது. எப்படி? எஃகு வில்லின் நாண் சில அங்குலமே பின்னேறும். அதற்குமேல் வளைத்தால் எஃகு முறிந்துவிடும். அம்புக்குக் கிடைக்கும் சக்தி விசையை மட்டும் பொறுத்ததன்று. அந்த விசை எவ்வளவு தூரம் அம்பைத் தள்ளுகிறது என்பதையும் பொறுத்தது. அதோடு கனத்த எஃகுக் கரங்கள் தங்களையே நகர்த்திக்கொள்ளச் சக்தியில் பெரும்பங்கைத் தின்றுவிடுகின்றன. இன்றைய பொறியில் கண்ணாடி இழையாலான இலேசான கரங்கள். நாண் ஓர் அடிக்கு மேல் ஓடுகிறது. ஆகவே வினாடிக்கு 300 முதல் 400 அடி வேகத்தில் அம்பு புறப்படுகிறது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1519-இல் ஹெர்னான் கோர்ட்டெஸ் மெக்ஸிக்கோவில் இறங்கியபோது அவனுடன் 32 விற்பொறியாளரும் 13 துப்பாக்கி வீரரும் இருந்தார்கள் என்று அவன் படையில் இருந்த பெர்னால் டியாஸ் எழுதியிருக்கிறார். துப்பாக்கி வந்துவிட்டது, ஆயினும் விற்பொறியே எண்ணிக்கையில் மிகுதி. 1539-இல் டி சோட்டோ என்ற மற்றொரு ஸ்பானியன் ஃபிளாரிடாவில் இறங்கினான். அவன் படை குளிர்காலத்தைக் கழித்த பாசறையின் எச்சங்களை 1987-இல் டாலஹாஸி நகரில் தோண்டியெடுத்தபோது விற்பொறிக் கணையின் இரும்பு முனை ஒன்றும் கிடைத்தது.

அந்தக் கண்டத்துக்கே உரிய பறவை வான்கோழி. மெக்ஸிக்கோவின் பழங்குடி மக்கள் அதைக் கோழிபோல் வளர்த்து வந்தார்கள். ஸ்பானியர் அதைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். மயிலைக் குறிக்கும் ‘பாவோ’ என்ற சொல்லை அதற்குக் கொடுத்துவிட்டு, மயிலை ‘அரச பாவோ’ என்று அழைக்கலானார்கள். நம் மாணவர்களுக்கு வான்கோழி என்றதும் மயில் நினைவுக்கு வருவது வழக்கம். ஸ்பானியர்களுக்கும் அப்படியே தோன்றியிருக்கிறது. மற்ற நாட்டாரின் குழப்பம் இன்னும் வேடிக்கை. ஆங்கிலேயர் அதைத் துருக்கிப் பறவை என்றார்கள். துருக்கியரோ ‘ஹிந்தி’, அதாவது இந்தியப் பறவை என்றார்கள். பிரெஞ்சுக்காரர் ‘இந்தியாவிலிருந்து வந்தது’ என்று பொருள்படப் பெயரிட்டார்கள். டச்சுக்காரர் மொழியில் அதன் பெயர் ‘கால்கூன்’. அது நம் மேற்குக் கரையிலுள்ள கோழிக்கோட்டின் பெயரிலிருந்து பிறந்தது. கோழிக்கோட்டுக்கும் அந்தப் பறவைக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. உண்மையில் அது இந்தியாவுக்கு வந்தபோது அதிசயப் பொருளாகத்தான் வந்தது. 1612-இல் கோவாவிலிருந்து முக்கரப் கான் கொண்டுவந்து காட்டிய வான்கோழியைக் கண்டு பேரரசர் ஜஹாங்கீர் வியந்து, அதைப் படம் வரையச் செய்தார். ஓவியர் மன்ஸூர் தீட்டிய அந்தச் சித்திரம் இன்றும் லண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் காட்சிசாலையில் உள்ளது.

வீட்டு வான்கோழி உலகெங்கும் பரவிக்கொண்டிருக்க, காட்டு வான்கோழி தன் பிறந்த மண்ணில் அழிந்துகொண்டிருந்தது. காடுகளை வெட்டினார்கள்; சந்தையில் விற்பதற்காகக் கணக்கின்றிச் சுட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை. 1937-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் துப்பாக்கி, தோட்டா முதலியவற்றின்மேல் வாங்கும் வரியை வனவிலங்குகளின் மீட்சிக்கே செலவிட ஒரு சட்டம் செய்தது. 1972-இல் செய்த திருத்தத்தால் வில், அம்புகளின்மேலும் அத்தகைய வரி வந்தது. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்ட பறவைகள் பிழைக்கவில்லை. அவற்றுக்கு நரியைக் கண்டால் அஞ்சத் தெரியாது. 1950-களின் தொடக்கத்தில், சிறு பீரங்கிகளால் பறவைக் கூட்டத்தின்மேல் வலையை வீசிக் காட்டுப் பறவைகளையே உயிரோடு பிடித்து, அவை அற்றுப்போன காடுகளில் கொண்டுபோய் விடும் முறையைக் கண்டார்கள். அது பலித்தது. இன்று அங்கே காட்டு வான்கோழிகள் இலட்சக்கணக்கில் உள்ளன. வேட்டையும் கட்டுப்பாட்டோடு நடக்கிறது. வசந்தகாலத்தில் பெரும்பாலும் சேவலை மட்டுமே வேட்டையாட அனுமதி. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெட்டையின் வேலை ஆதலால், சேவல் குறைந்தால் இனம் குறைவதில்லை. நம் நாட்டில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் காட்டுயிர்களை வேட்டையாடுவது குற்றம். ஆகவே நான் இனிச் சொல்வதை அந்த நாட்டு வழக்கமாக மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே வேட்டைக்காரன் பறவையைத் தேடிப் போவதில்லை. தன்னைத் தேடிவரச் செய்கிறான். விடியுமுன் ஒரு பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பெட்டையின் குரல்போல் ஒலி எழுப்புகிறான். இதற்கென்றே மரப்பெட்டி ஒன்று உண்டு. அதன் மூடியைப் பக்கச் சுவரில் தேய்த்தால் பெட்டை வான்கோழி கூப்பிடும். ஆர்க்கன்சா மாநிலத்தில் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்ஸன் 1897-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சேவல் மெல்ல மெல்ல வரும், நிற்கும், பார்க்கும். அதன் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால், தலையைச் சிறிது திருப்பினாலே சுற்றுப்புறம் முழுவதும் அதற்குத் தெரியும். நிறங்களையும் அது நன்றாக அறியும். முப்பது கெஜத்தில் ஒரு கை உயர்ந்தால் போதும், ஓடிவிடும். சாதாரண வில்லேந்தியவனுக்கு இங்கேதான் சங்கடம். பறவை அருகில் வந்தபின் நாணை இழுத்தால் அது கண்டுகொள்ளும். முன்னதாகவே இழுத்தால் கை தாங்காது. இந்தப் பேச்சின் தொடக்கத்தில் உங்களை நிற்கச் சொன்னேனே, அதே சோதனை. மாலிங் புதர்களில் ஒளிந்திருந்தவர்களுக்கு உதவிய கொண்டிதான் இந்த மரத்தடியிலும் உதவுகிறது.

ஆனால் பழைய விற்பொறியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இரண்டு, இரண்டரை அடி அகலத்துக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் வில், மரத்தடியில் பக்கத்துச் செடியிலும் கிளையிலும் தட்டும். நாண் விடுபடும்போது வில்லின் கரம் ஏதேனும் ஒன்றில் மோதினால் அம்பும் தவறும், வில்லும் உடையும். கரங்களைக் குட்டையாக்கலாமே என்றால், குட்டைக் கரம் நாணை நெடுந்தூரம் ஓடவிடாது, வேகம் போய்விடும். இந்த முடிச்சை அவிழ்த்தது மிஸௌரி மாநிலத்து ஹாலஸ் வில்பர் ஆலனின் யோசனை. வில்லின் நுனிகளில் மையம் விலகிய சக்கரங்களைப் பொருத்தி, நாண் அவற்றில் சுற்றிக்கொள்ளும்படி செய்து, 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969-இல் பெற்றார். கரம் சிறிது வளைந்தாலும் சக்கரம் சுழன்று நாணை நீளமாக விடும். அவர் அதைக் கைவில்லுக்காகவே செய்தார். பின்வந்தோர் விற்பொறிக்கும் பொருத்தினார்கள். அதன்பின் கரங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. இன்று நாணேற்றிய நிலையில் ஆறு அங்குல அகலமே உள்ள விற்பொறிகள் வந்துவிட்டன. பழைய எஃகு வில்லோடு பக்கத்தில் வைத்தால் இது அதன் குழந்தையின் விளையாட்டுப் பொருள் என்றே தோன்றும்.

இத்தகைய குறும்பொறியை வான்கோழிக்காகச் செப்பம் செய்வதில் பல நுட்பங்கள் உண்டு. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அம்பு தண்டின் பள்ளத்தில் நாணைத் தொடும்படி முழுவதும் உட்கார வேண்டும். சிறிது இடைவெளி இருந்தாலும் நாண் அம்பைத் தள்ளாமல் அதன்மேல் ஏறிப்போய்விடும். அது அம்பே இல்லாமல் வெறும் நாணை விட்டதற்கு ஒப்பாகும். தேங்கிய சக்தி முழுவதும் கரங்களிலேயே பாய்ந்து அவற்றைப் பிளந்துவிடும். தண்டைத் தாங்கும் கையின் கட்டைவிரல் நாண் ஓடும் பாதைக்குமேல் எழலாகாது. எழுந்தால் விரல் போய்விடும். நாணை ஏற்றக் கப்பி வைத்த கயிறு ஒன்று உண்டு. அது இழுக்க வேண்டிய பாரத்தைப் பாதியாக்கும். மிதிவளையத்தில் காலை ஊன்றி, இருபுறமும் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒருபுறம் முந்தினால் அம்பு பக்கவாட்டில் விலகும். குறிநோக்கியை எத்தனை திருகினாலும் சரிப்படாது.

குறிநோக்கியில் இன்னொரு சூட்சுமம். அந்தச் சிறு தூரதரிசனக் குழல் அம்பின் பாதைக்கு ஏறக்குறைய மூன்று அங்குலம் மேலே அமர்ந்திருக்கிறது. இருபது கெஜத்தில் கண்ணும் அம்பும் ஒரு புள்ளியில் சேரும்படி அதைத் திருத்தி வைத்தால், ஐந்தாறு கெஜத்தில் அம்பு, பார்த்த இடத்துக்குக் கீழேதான் தைக்கும். பொம்மைப் பெட்டையைக் கண்டு ஏமாந்த சேவல் சிலவேளை அவ்வளவு அருகில் வந்துவிடுவதுண்டு. கூடாரத்துக்குள் ஒளிந்து எய்பவர்களுக்கோ மற்றோர் ஏமாற்றம். குழல் வழியே பார்த்தால் சாளரம் திறந்திருக்கும், பறவை தெளிவாகத் தெரியும். அம்போ மூன்று அங்குலம் கீழே கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டு போகும். கண் போகும் வழி ஒன்று, கணை போகும் வழி ஒன்று என்பதை மறந்ததன் பலன். இலக்கும் பார்ப்பதற்குப் பெரிதே ஒழிய உண்மையில் மிகச் சிறிது. தோகை விரித்து நிற்கும் சேவல் ஒரு பானை அளவு தோன்றும். அத்தனையும் இறகு, உயிர்நிலை ஒரு கைப்பிடி அளவே. அந்த இடத்தில் படாத அம்பு பறவையை நோவோடு தவிக்க விடும். ஆகவே பொறி எத்தனை தூரம் எய்யும் என்பதைப் பெரிதாக எண்ணாமல், இருபது கெஜத்துக்குள் வரும்வரை காத்திருப்பவனையே அந்நாட்டு நல்ல வேட்டைக்காரர்கள் மதிக்கிறார்கள். அவர்கள் கருத்து எனக்கும் சரியென்றே படுகிறது.

1139-இல் எழுந்த வழக்கு இந்த வேட்டைக் காட்டிலும் மறுபடி எழுந்தது. அமெரிக்க மாநிலங்களில் வில் வேட்டைக்கென்று தனிப் பருவம் ஒதுக்கியிருந்தார்கள். கைவில் பயின்றவர்கள், “நாணைத் தாங்குவது யந்திரம், இது வில்லே அன்று, இதை எங்கள் பருவத்தில் அனுமதிக்கலாகாது” என்று வாதிட்டார்கள். பல ஆண்டு உழைத்துப் பெற்ற கலையைச் சில வாரத்தில் ஒருவன் எட்டிவிடுகிறானே என்ற வருத்தம் அது. அதைப் பொறாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பயிற்சிதான் ஒருவனுக்கு அடக்கத்தையும் கற்றுக்கொடுக்கிறது என்ற உண்மை அதற்குள் இருக்கிறது. ஆயினும் மறுபக்கத்திலும் மனிதர்கள் இருந்தார்கள். கை இழந்தவர், தோள் நரம்பு தளர்ந்தவர், முதியவர் ஆகியோர் கைவில்லை இழுக்க முடியாதவர்கள். ஆர்க்கன்சா, ஒகையோ போன்ற மாநிலங்கள் 1970-களிலேயே விற்பொறியைப் பொதுவாக அனுமதித்தன. வேறு பல மாநிலங்கள் நெடுங்காலம் உடற்குறை உள்ளவர்களுக்கு மட்டும் சான்றிதழ் பெற்று அதை ஏந்த இடம் கொடுத்தன. பிறகு படிப்படியாக மற்றவர்களுக்கும் திறந்துவிட்டன. மூடு வண்டியில் அமர்ந்து படை நடத்திய ஸுன் பின்னை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பொழுது ஏறியும் சேவல் வராத நாட்களே மிகுதி. அப்போது வேட்டைக்காரனுக்கு ஒரு வேலை மிஞ்சுகிறது. ஏற்றிய நாணைக் கொண்டியில் மாட்டியபடியே வீட்டுக்குக் கொண்டுபோகலாகாது. வெறும் நாணைத் தட்டி விடவும் கூடாது. ஆகவே இதற்கென்றே கொண்டுவந்த மழுங்கிய பழைய அம்பு ஒன்றை அம்பறாத்தூணியிலிருந்து எடுத்துப் பள்ளத்தில் வைத்து, எதிரே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சில அடி தூரத்தில் உள்ள மெதுவான மண்ணில் எய்கிறான். பிறகு எழுந்து போய் அதைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டு நடக்கிறான்.